லினக்ஸ் லேப்டாப்பில் மவுஸ் நின்றுபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களில் வீட்டில் பேசுவது தமிழ். ஆபீஸ் காகிதம் மலையாளத்தில் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூட லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தரும் கைட் க்னூ/லினக்ஸ், உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. அதைப் பழகிவிட்டு வீட்டு லேப்டாப்பிலும் உபுண்டு போட்டுக்கொண்டவர்கள் இங்கே நிறைய. அவர்கள் அதிகம் கேட்பது மவுஸ் நின்றுபோவதைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் வைக்கிறேன்.

ஒரு விஷயம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், போனில் சொல்வதுபோல. அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். குழப்பம் வரக்கூடிய சொற்களுக்கு எழுத்துக்கூட்டியும் இருக்கிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் பாதிச் சொல்லை அடித்துவிட்டு டேப் விசையை அழுத்தினால் பல இடங்களில் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

கர்சர் திடீரென்று நின்றுவிட்டது. எழுதியதை இன்னும் சேவ் செய்யவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். மவுஸ் போனால் லேப்டாப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கீபோர்டு வேலை செய்கிறவரை உங்கள் வேலை எதுவும் வீணாகாது.

கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது. உடனே கன்ட்ரோல்-எஸ் அழுத்தி சேவ் செய்யுங்கள். பெட்டி ஏதாவது திறந்து பெயர் கேட்டால் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். பெட்டிக்குள் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்குப் போக டேப், அமுக்க ஸ்பேஸ். வேறு ஜன்னலுக்குப் போக ஆல்ட்-டேப். மேலே உள்ள மெனுவைத் திறக்க எஃப் 10, வலது கிளிக் வேண்டும் என்றால் ஷிஃப்ட்-எஃப் 10, ஜன்னலை மூட ஆல்ட்-எஃப் 4. விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்திவிட்டு நிரலின் பெயரை அடித்தால் எந்த நிரலும் திறக்கும். கன்ட்ரோல்-ஆல்ட்-டி (எஸ்-க்கு அடுத்து வரும் டி) அழுத்தினால் டெர்மினல் வரும்.

இவ்வளவு தெரிந்தால் போதும், மவுஸே இல்லாமல் ஒரு நாள் வேலையை ஓட்டலாம். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். பரீட்சை நேரத்தில் மவுஸ் நின்றால் அழுகை வராது.

கேப்ஸ் லாக் விளக்கும் மாறவில்லை, எந்த விசைக்கும் அசைவில்லை. அப்போது?

அப்போது சிக்கல் மவுஸில் இல்லை, மொத்த இயந்திரமும் உறைந்திருக்கிறது. முதலில் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் பிரவுசரில் ஏகப்பட்ட டேப் திறந்திருந்தால் நினைவகம் நிரம்பி, ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். கர்சர் நின்று நின்று நகரும். கொஞ்ச நேரத்தில் தானே தெளியும்.

தெளியவில்லை என்றால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப் 3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்டால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. அதில் நுழைந்து சூடோ ரீபூட் (சூடோ என்பது எஸ் யு டி ஓ, சி-க்கு அடுத்து வரும் டி) என்று அடித்தால் முறைப்படி நின்று மறுபடி தொடங்கும். அதுவும் வரவில்லையா? ஆல்ட் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, ஓரிரு விநாடி இடைவெளி விட்டு எஸ், யு, பி (ஏ-க்கு அடுத்து வரும் பி) என்று ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். எஸ் டிஸ்க்கில் எழுதவேண்டியதை எழுதி முடிக்கும், யு டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றும், பி மறுபடி தொடங்கும். மற்ற லினக்ஸ் வகைகளைப் பற்றிய குறிப்புகளில் ஆறு எழுத்து இருக்கும். உபுண்டுவில் இயல்பாக அனுமதிக்கப்பட்டிருப்பது இந்த மூன்று வேலைகள்தான், அதனால் இதுவே போதும். பவர் பட்டனை நீளமாக அழுத்துவது கடைசி வழி.

பையன் ஏதோ பட்டனை அழுத்தினான், அதிலிருந்து டச்பேட் வேலை செய்யவில்லை.

அந்த ஏதோ பட்டன்தான் காரணமாக இருக்கும். பெரும்பாலான லேப்டாப்பில் மேல் வரிசை எஃப் விசைகளில் ஒன்றில் சின்னச் சதுரமும் அதன் மேல் ஒரு கோடோ கையோ வரைந்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அது எஃப் 5, எஃப் 6, எஃப் 7, எஃப் 9 என்று மாறும். எஃப்என் விசையோடு சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள், அப்புறம் எஃப்என் இல்லாமல் ஒருமுறை.

பழைய எச்பி லேப்டாப் சிலவற்றில் இந்த விசையே கிடையாது. டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதை விரலால் இரண்டு தட்டு தட்டினால் டச்பேட் அணையும், மறுபடி இரண்டு தட்டினால் உயிர்பெறும். அணைந்திருக்கும்போது அந்தப் புள்ளியில் ஆரஞ்சு நிற விளக்கு தெரியும். துடைக்கும்போது தெரியாமல் தட்டிவிட்டு, பழுது என்று கடை வரைக்கும் தூக்கிப்போகிறவர்கள் உண்டு. விளக்கைப் பாருங்கள்.

அமைப்புகளில் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மெனு எல்லாம் மலையாளத்தில் இருக்கிறது.

மலையாளம் படிக்க வராதவர்கள் மெனுவில் தேடி அலைய வேண்டாம். ஆல்ட்-எஃப் 2 அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் க்னோம்-கன்ட்ரோல்-சென்டர் மவுஸ் என்று அடித்து என்டர் தட்டினால் நேராக மவுஸ், டச்பேட் பக்கமே திறக்கும். எந்த மொழியில் இருந்தாலும் இது வேலை செய்யும். க்னோம் என்பது உபுண்டுவின் டெஸ்க்டாப், அதை ஜி என் ஓ எம் இ என்று அடிக்க வேண்டும். முதல் மூன்று சொற்களுக்கு நடுவே சின்னக் கோடு, மவுஸுக்கு முன்னால் ஓர் இடைவெளி.

அங்கும் குழப்பமாக இருந்தால் டெர்மினலில் ஒரே வரியில் முடிக்கலாம்: ஜிசெட்டிங்ஸ் செட் ஆர்க்.க்னோம்.டெஸ்க்டாப்.பெரிஃபெரல்ஸ்.டச்பேட் சென்ட்-ஈவன்ட்ஸ் எனேபிள்டு. ஜிசெட்டிங்ஸ் ஒரே சொல், ஜி எழுத்தோடு செட்டிங்ஸ். ஆர்க் என்பது ஓ ஆர் ஜி. புள்ளி வரும் இடத்தில் இடைவெளி விடாதீர்கள். இந்த அமைப்புக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்று இயங்கு, இன்னொன்று நிறுத்து, மூன்றாவது வெளி மவுஸ் செருகியிருந்தால் மட்டும் நிறுத்து. மூன்றாவது நிலை இருப்பதே பலருக்குத் தெரியாது. வயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர் பக்கவாட்டில் செருகியபடியே இருக்கும், மவுஸ் மேஜை டிராயரில் கிடக்கும், டச்பேட் அசையாது. ரிசீவரைப் பிடுங்கினால் வந்துவிடும்.

பழுது டச்பேடிலா, லினக்ஸிலா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

விரல் தகட்டில் படுகிறது. தகட்டுக்கு அடியிலுள்ள சின்னச் சிப் அதை எண்களாக மாற்றி அனுப்புகிறது. லினக்ஸின் மையமான கெர்னல் அதை வாங்கிக்கொள்கிறது. லிப்இன்புட் என்ற நிரல்தொகுப்பு அது நகர்வா, தட்டா, இரண்டு விரல் உருட்டலா என்று முடிவு செய்கிறது. டெஸ்க்டாப் கர்சரை நகர்த்துகிறது. இந்தச் சங்கிலி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டெர்மினலில் சூடோ கேட் /டெவ்/இன்புட்/மைஸ் என்று அடியுங்கள். சூடோ என்பது எஸ் யு டி ஓ, கேட் என்பது சி ஏ டி (எஸ்-க்கு அடுத்து வரும் டி), டெவ் என்பது டி இ வி (சி-க்கு அடுத்து வரும் டி), மைஸ் என்பது எம் ஐ சி இ. பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது அப்படித்தான், அடித்து என்டர் தட்டுங்கள். இப்போது டச்பேடில் விரலை இழுங்கள். கிறுக்கலாக எழுத்துகள் வந்து விழுந்தால் தகடும் சிப்பும் கெர்னலும் நன்றாக இருக்கின்றன. கோளாறு மேலே, டெஸ்க்டாப்பில் அல்லது அமைப்பில். ஒன்றுமே விழவில்லை என்றால் கோளாறு கீழே, டிரைவரிலோ (கெர்னலில் டச்பேடைக் கவனிக்கும் துண்டு) தகட்டிலோ. கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். டெர்மினல் எழுத்து அலங்கோலமாகிவிட்டால் ரீசெட் என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

அடுத்தது, கெர்னலுக்கு உங்கள் டச்பேட் தெரிகிறதா என்ற சோதனை: கேட் /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ். ப்ராக் என்பது பி (ஓ-க்கு அடுத்து வரும் பி) ஆர் ஓ சி. கத்தை கத்தையாக வரும். அதில் பெயர் வரியில் டச்பேட் என்ற சொல் இருக்கும் கத்தையைத் தேடுங்கள். அதன் முதல் வரியில் பஸ் என்று போட்டு நான்கு இலக்க எண் இருக்கும். அந்த எண்தான் சாவி. 0011 என்றால் பழைய பிஎஸ்/2 வகை. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த இணைப்பு முறை இன்னும் லேப்டாப்புகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 0018 என்றால் ஐ-ஸ்கொயர்டு-சி (ஐ2சி) வகை, 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து பரவிய புதிய முறை. 0003 யூஎஸ்பி, 0005 புளூடூத்.

டச்பேட் என்ற பெயரே பட்டியலில் இல்லை என்றால் பெரும்பாலும் கெர்னலுக்கு அது தெரியவில்லை. பயாஸில் (லினக்ஸுக்கு முன்பே ஓடும் லேப்டாப்பின் அடிப்படை நிரல்) அணைத்திருக்கலாம், உள்ளே பட்டையான கேபிள் கழன்றிருக்கலாம். பேர் இருக்கிறது, ஆனால் கிறுக்கல் வரவில்லை என்றால் டிரைவரை ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அது அடுத்த பதிலில்.

மூடி வைத்துத் திறந்தால் டச்பேட் செத்துவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. ஏன்?

லினக்ஸ் லேப்டாப்பில் ரொம்பப் பரவலான கோளாறு இது. மூடும்போது லேப்டாப் தூங்கப் போகிறது, எல்லாச் சிப்புக்கும் மின்சாரம் குறைகிறது. திறக்கும்போது ஒவ்வொன்றையும் கெர்னல் எழுப்பி, பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். டச்பேட் சிப் எழுந்திருக்கத் தாமதித்தாலோ, அரைகுறையாக எழுந்தாலோ, இரண்டுக்கும் இடையே பேச்சு நின்றுபோகிறது. ரீஸ்டார்ட் வேண்டியதில்லை, டிரைவரை மட்டும் கழற்றி மாட்டினால் போதும்.

பஸ் எண் 0011 என்றால் முதலில் சூடோ மோட்ப்ரோப் -ஆர் பிஎஸ்மவுஸ், அப்புறம் சூடோ மோட்ப்ரோப் பிஎஸ்மவுஸ். மோட்ப்ரோப் என்பது எம் ஓ டி பி ஆர் ஓ பி இ (டி சி-க்கு அடுத்து வருவது, முதல் பி ஓ-க்கு அடுத்து வருவது, இரண்டாவது பி ஏ-க்கு அடுத்து வருவது), பிஎஸ்மவுஸ் என்பது பி (ஓ-க்கு அடுத்து வரும் பி) எஸ் எம் ஓ யு எஸ் இ. முதலாவதில் ஆர் எழுத்துக்கு முன்னால் சின்னக் கோடு. கீபோர்டுக்கு இது வேறு டிரைவர் என்பதால் டைப் செய்வது நிற்காது, பயப்பட வேண்டாம்.

எண் 0018 என்றால் பெரும்பாலும் பிஎஸ்மவுஸ் என்ற இடத்தில் ஐ2சி_எச்ஐடி_ஏசிபிஐ (சி-க்கு அடுத்து வரும் டி, ஓ-க்கு அடுத்து வரும் பி). இடையில் வருவது அடிக்கோடு. பழைய கெர்னலில் கடைசித் துண்டு இல்லாமல் ஐ2சி_எச்ஐடி மட்டும்.

இரண்டு வரியும் அடித்தவுடன் கர்சர் துள்ளி எழுந்தால் காரணம் உறுதி. ஒவ்வொரு முறையும் கையால் அடிப்பதற்குப் பதிலாக, லினக்ஸின் சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி நிரலின் சிஸ்டம்-ஸ்லீப் என்ற ஃபோல்டரில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டு வைக்கலாம். தூங்கப் போகும்போது ப்ரீ என்றும் எழும்போது போஸ்ட் என்றும் ஒரு சொல்லை சிஸ்டம்டி அந்த ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுக்கும். போஸ்ட் வந்தால் அந்த இரண்டு கட்டளையையும் ஓட்டு என்று எழுதி, இயக்க அனுமதி கொடுத்துவிட்டால் தானாக நடக்கும். பள்ளிக்கூடத்தில் லிட்டில் கைட்ஸ் என்ற ஐ.டி. கிளப்பில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதை எழுதிவிடும். கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

வேலைக்கு நடுவே சும்மா சும்மா நின்று, பின்னர் தானே வருகிறது. எதைப் பார்ப்பது?

சூடோ டிமெஸ்க் -டபிள்யு என்று அடித்து டெர்மினலை ஓரமாகத் திறந்து வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். டிமெஸ்க் என்பது டி (சி-க்கு அடுத்து வரும் டி) எம் இ எஸ் ஜி. கெர்னல் சொல்வதெல்லாம் அதில் நேரடியாக வந்துகொண்டிருக்கும். மவுஸ் நின்ற கணத்தில் புதிதாக விழும் வரியைப் பாருங்கள். பிஎஸ்மவுஸ் என்று தொடங்கி லாஸ்ட் சிங்க் அட் பைட் 1 என்று வந்தால், டச்பேட் அனுப்பும் செய்தியின் பைட்டுகள் வரிசை தவறுகின்றன. சாதாரண பிஎஸ்/2 மவுஸ் ஒரு செய்திக்கு 3 பைட், சினாப்டிக்ஸ் டச்பேட் 6 பைட் அனுப்பும். ஒன்று தொலைந்தால் எது முதல் பைட் என்று கெர்னலுக்குக் குழம்பிவிடும், பின்னர் தானே சரிசெய்துகொள்ளும். எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். நிமிடத்துக்கு நிமிடம் வந்தால் முதலில் சார்ஜரையும், பிறகு உள்ளே கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். ஐ2சி என்று தொடங்கி டைம்டு அவுட் என்று முடிந்தால் சிப் பதில் சொல்லவில்லை என்று பொருள். அதற்குப் புதிய கெர்னலையோ பயாஸ் அப்டேட்டையோ முயன்று பார்க்கலாம்.

அந்த வரியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் அந்த ஒரு படம் போதும்.

சார்ஜர் போட்டால் மட்டும் கர்சர் ஆடுகிறது, குதிக்கிறது, சமயத்தில் நின்றுவிடுகிறது.

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே ஒழுங்காகிவிட்டால் லினக்ஸை விட்டுவிடுங்கள், எர்த்தைப் பாருங்கள்.

டச்பேட் உங்கள் விரலால் ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளக்கிறது. எர்த் இல்லாத பாயின்ட்டில் சார்ஜரைச் செருகினால் அதன் வழியாக வரும் இரைச்சல் லேப்டாப்பின் உடம்பில் ஏறி, அந்த அளவைக் குழப்பிவிடும். உலோக மூடி உள்ள லேப்டாப் என்றால் கையைத் தடவும்போது லேசாகச் சுர்ரென்று இருக்கும். பழைய ஓட்டு வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் இரண்டு பின் பிளக் பாயின்ட்தான் இருக்கும். மூன்று பின் சார்ஜரை அடாப்டர் போட்டு அதில் செருகுவோம், எர்த் பின் காற்றில் நிற்கும். எர்த் உள்ள மூன்று பின் பாயின்ட்டில் அசல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். வீட்டில் எர்த்தே இல்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடுங்கள். மவுஸுக்காக மட்டும் சொல்லவில்லை, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்காகவும் சொல்கிறேன். மலிவான டூப்ளிகேட் சார்ஜரும் இதே தொல்லையைத் தரும்.

டைப் செய்யும்போது மட்டும் டச்பேட் வேலை செய்வதில்லை.

அது பழுதல்ல, ஏற்பாடு. டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டு கர்சர் ஓடக்கூடாது என்று லிப்இன்புட் டச்பேடை நிறுத்திவைக்கிறது. கடைசி எழுத்து அடித்து அரை விநாடி போனால் திரும்பும். கன்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளை அழுத்தினால் நிறுத்தாது. விளையாட்டில் ஒரு கையால் விசையையும் மறு கையால் டச்பேடையும் இயக்குகிற பிள்ளைகளுக்குத்தான் இது தொல்லை. புதிய க்னோமில் மவுஸ் பக்கத்திலேயே இதை அணைக்கும் சுவிட்ச் உண்டு.

மழைக்காலத்தில் டச்பேட் தாறுமாறாக ஓடுகிறது.

ஈரம். தண்ணீரும் மின்தேக்கத்தை மாற்றும், எனவே ஒரு சின்ன நீர்த்துளி டச்பேடுக்கு விரலாகத் தெரியும். கை ஈரத்தோடும், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடும் தொடாதீர்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். சானிடைசரை நேராக ஊற்ற வேண்டாம், ஓரத்து இடைவெளி வழியாக உள்ளே இறங்கிவிடும்.

டச்பேட் கிளிக் ஆகவில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியிருப்பதுபோலவும் தெரிகிறது.

உடனே நிறுத்துங்கள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் நிதானமாகப் பாருங்கள் என்பேன், இதற்கு மட்டும் சொல்ல மாட்டேன்.

பெரும்பாலான லேப்டாப்பில் டச்பேடுக்கு அடியிலோ ஒட்டினாற்போலோதான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரி வயதானாலோ, வெப்பத்தில் கிடந்தாலோ உள்ளே வாயு உண்டாகித் தலையணைபோல் உப்பும். உப்பிய பேட்டரி டச்பேடைக் கீழிருந்து தள்ளும். முதலில் கிளிக் கெட்டியாகும், அப்புறம் கிளிக்கே இருக்காது, கர்சர் தானாக நகரும், டச்பேடின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரியும். லேப்டாப்பைச் சமதளமான மேஜையில் வைத்தால் நான்கு காலும் பதியாமல் ஆடும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியை எட்டும் ஊர் நம்முடையது. மூடிய காருக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் வைத்த லேப்டாப்புகளில் இது சீக்கிரம் வரும். சார்ஜரிலேயே மாதக்கணக்கில் செருகி வைப்பதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

தூக்கிய இடத்தை அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். குத்தாதீர்கள். குத்துப்பட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றி எளிதில் அணையாது. துணிப் பையில் மற்ற சாமான்களோடு திணிக்காமல் தனியாக எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பேட்டரியை மாற்றினால் பல சமயம் டச்பேடும் தானே சரியாகிவிடும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

தனியாக வாங்கிய மவுஸ் நின்று நின்று போகிறது.

வயர் உள்ளதா, இல்லாததா என்று முதலில் பிரியுங்கள். வயர் உள்ளது என்றால் வேறு யூஎஸ்பி துளையில் செருகுங்கள், அப்புறம் வேறு லேப்டாப்பில். எல்லா இடத்திலும் நின்றால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தூங்கிவிட்டு, கிளிக் செய்தால்தான் எழுகிறது என்றால் மின்சிக்கன நிரல் காரணம். பவர்டாப்பில் ஆட்டோ-டியூன் ஓட்டியவர்களுக்கு இது வரும். அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள்.

வயர்லெஸ் என்றால் பேட்டரியை மாற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. பலர் பார்க்காதது ரிசீவர் இருக்கும் இடத்தை. யூஎஸ்பி 3 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகின்றன, இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. பென் டிரைவில் காப்பி ஓடும்போது மட்டும் மவுஸ் திணறினால் இதுதான். ரிசீவரை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள்.

அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து டச்பேட் இல்லை.

பழைய கெர்னலை உபுண்டு அழித்துவிடாது, வைத்திருக்கும். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஸ்கேப் விசையையும், பழைய பயாஸ் லேப்டாப் என்றால் ஷிஃப்ட் விசையையும் அழுத்தினால் எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனு வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போய் முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அதில் டச்பேட் வேலை செய்தால் புதிய கெர்னலில்தான் கோளாறு. அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப். விண்டோஸிலிருந்து வந்தால் மட்டும் டச்பேட் வரமாட்டேன் என்கிறது.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாது. அதை நிறுத்திவிடுங்கள், அல்லது லினக்ஸுக்கு வரும்போது ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து சிப் புதிதாகத் தொடங்கும். ஏசர் லேப்டாப் சிலவற்றின் பயாஸில் டச்பேடுக்கு பேசிக், அட்வான்ஸ்டு என்று இரண்டு நிலை உண்டு. லினக்ஸில் ஒன்றில் வரவில்லை என்றால் மற்றதை வைத்துப் பாருங்கள்.

கடையில் லினக்ஸ்தான் பிரச்சினை, விண்டோஸ் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

பார்க்காமல் போடாதீர்கள். ஃபார்மேட் செய்தால் பிள்ளையின் ப்ராஜெக்ட், வீட்டுப் போட்டோ, ரேஷன் கார்டு ஸ்கேன் எல்லாம் போய்விடும். டச்பேட் கேபிள் கழன்றிருந்தால் விண்டோஸிலும் அது வராது.

உபுண்டு எழுதிய பென் டிரைவ் ஒன்றிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, இன்ஸ்டால் செய்யாமல் ட்ரை உபுண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கில் ஒன்றையும் தொடாது. அதில் டச்பேட் ஓடினால் தகட்டில் பழுதில்லை, உங்கள் அமைப்பில்தான் ஏதோ மாறியிருக்கிறது, அதைச் சரிசெய்யலாம். அதிலும் ஓடாமல், பயாஸிலும் அணைத்திருக்கவில்லை என்றால் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிந்த மெக்கானிக்குகள் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் இருக்கிறார்கள், அவர்கள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்வார்கள்.

பள்ளிக்கூட லேப்டாப் என்றால்?

நீங்களும் திறக்காதீர்கள், கடைக்கும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன விசை, ரிசீவர், சார்ஜர் சோதனைகளை மட்டும் செய்துவிட்டு, பள்ளியின் ஐ.டி. கோ-ஆர்டினேட்டராக இருக்கும் டீச்சரிடமோ சாரிடமோ கொடுங்கள். வாரன்டி, புகார் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் போகும்.

லினக்ஸ் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கிறேன். மேக்புக்குக்கும் இதே வழியா?

ஃப்ரீபிஎஸ்டியும் லினக்ஸைப் போல யூனிக்ஸ் குடும்பம்தான். சங்கிலி ஒன்றுதான், பெயர்கள் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் பிஎஸ்/2 டச்பேடைக் கவனிப்பது பிஎஸ்எம் டிரைவர். கர்சரை மவுஸ்டி நிரல் இயக்கும் அமைப்பு என்றால் அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மேக்கும் யூனிக்ஸ்தான். அங்கே அக்செசிபிலிட்டி பகுதியில் பாயின்டர் கன்ட்ரோலுக்குள், வெளி மவுஸ் இருந்தால் உள் டிராக்பேடை விட்டுவிடு என்ற அமைப்பு ஒன்று உண்டு. புளூடூத் மவுஸ் பையில் ஆன் ஆகிக் கிடந்தாலும் டிராக்பேட் நின்றுவிடும். மேக்புக்கிலும் பேட்டரி டிராக்பேடை ஒட்டித்தான் இருக்கிறது, உப்பல் விஷயத்தில் மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

கடைசியில் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் என்ன சொல்லிக் கொடுப்பது?

வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எப்போது நிற்கிறது என்று எழுதிக் கொடுங்கள்: சார்ஜர் போட்டாலா, மூடித் திறந்தாலா, சூடானாலா, எப்போதுமா. பஸ் எண்ணையும் டிமெஸ்க் வரியின் படத்தையும் காட்டுங்கள். பென் டிரைவ் உபுண்டுவில் ஓடியதா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே லேப்டாப்பைக் கையைவிட்டுக் கொடுங்கள், கீபோர்டை வைத்தே அந்தக் காப்பியை எடுத்துவிடலாம். டிஸ்க்கைத் தொடக்கூடாது, கேபிளையும் பேட்டரியையும் மட்டும் பார்க்க வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.